செர்ஜ் கேன்ஸ்பூர்: கிங்ஸ்டனில் ஒரு தாளம், ஸ்ட்ராஸ்பூரில் ஒரு குரல்

கேள்வி இதுதான்: பிரான்ஸின் தேசிய கீதத்தை ஜமைக்காவின் ரெகே இசையில் பாடி வம்பில் மாட்டிய பிரெஞ்சுப் பாடகர் செர்ஜ் கேன்ஸ்பூர் யார்? அந்தப் பாட்டு எப்படி உருவானது? முன்னாள் இராணுவத்தினர் அவரை மேடை ஏறவிடாமல் தடுக்கப் பார்த்தது ஏன்?

முதலில் ஒன்று. கேன்ஸ்பூர் வாழ்நாள் முழுக்க ரெகே பாடியவர் அல்லர். 1958-ல் முதல் இசைத்தட்டு, 1987-ல் கடைசி ஸ்டூடியோ இசைத்தட்டு. இந்த முப்பது வருடத்தில் ரெகே என்று சொல்லத்தக்கவை 1979-லும் 1981-லும் வந்த இரண்டு ஸ்டூடியோ ஆல்பங்கள், இடையே ஒரு மேடைப் பதிவு, அவ்வளவுதான். ஆனால் பிரெஞ்சு மொழியில் ரெகே என்று பேச்சு எடுத்தால் அவரைத் தாண்டிப் போக முடியாது. அவர் வாழ்க்கையில் நடந்த பெரிய மோதலும் அந்த முதல் ரெகே ஆல்பத்தால் வந்ததுதான். அதைப் புரிந்துகொள்ள அவருடைய குரலிலிருந்து தொடங்குவது நல்லது.

அவர் குரல் சிறியது. மேல் ஸ்தாயி எட்டாது, நீண்ட கார்வை நிற்காது. அவருக்கே அது தெரியும். தன் முகத்தைப் பற்றியும் அவருக்குத் தீராத மனக்குறை உண்டு. அதனால் தன் நல்ல மெட்டுகளைப் பெரும்பாலும் பிறர் வாயில் கொடுத்தார். ஜூலியெட் கிரேக்கோ, பிரான்ஸ் கால், பிரிஜித் பார்தோ, பிரான்சுவாஸ் ஆர்தி எல்லாரும் அவர் எழுதிய பாட்டுகளைப் பாடியவர்கள். 1965 யூரோவிஷன் போட்டியில் லக்சம்பர்குக்காகப் பிரான்ஸ் கால் பாடி வென்ற பாட்டு அவருடையது. தானே பாடும்போதோ பாதி பாடி, பாதி பேசி ஒப்பேற்றுவார். இந்தப் பாதிப் பேச்சைப் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலச் சொல்லாலேயே டாக்-ஓவர் என்கிறார்கள்.

பிறந்தது பாரிஸில், 1928 ஏப்ரல் 2. இயற்பெயர் லூசியன் ஜின்ஸ்புர்க். பெற்றோர் ரஷ்யப் பேரரசிலிருந்து புரட்சிக்குப் பின் தப்பி வந்த யூதர்கள். அப்பா மதுவிடுதிகளிலும் காபரேக்களிலும் பியானோ வாசித்துக் குடும்பம் நடத்தியவர். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது, 1942 ஜூன் முதல், ஆறு வயதுக்கு மேற்பட்ட யூதர்கள் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொண்டுதான் தெருவில் நடக்கலாம் என்ற உத்தரவு வந்தது. லூசியனுக்கு அப்போது வயது 14. பிறகு குடும்பம் பொய்ப் பெயரில் லிமோஜ் பக்கம் ஒளிந்து பிழைத்தது. இந்த மஞ்சள் நட்சத்திரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1979 விவகாரத்தில் அது திரும்பி வருகிறது.

போருக்குப் பின் அவர் ஆக விரும்பியது ஓவியர். முப்பது வயதை நெருங்கும்போது அதை விட்டார், வரைந்தவற்றில் பெரும்பகுதியை அழித்தார். அப்பாவைப் போலவே விடுதிகளில் பியானோ வாசிக்கப் போய் அங்கிருந்து பாட்டுக்கு வந்தவர். பாட்டைச் சிறுகலை என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இராணுவ சேவையில் தொற்றிய குடி, இடைவிடாத ஜிதான் சிகரெட், 1973-ல் முதல் மாரடைப்பு, அதன் பிறகும் அதே குடியும் புகையும். 1969-ல் தன் துணைவியான ஆங்கில நடிகை ஜேன் பிர்கினுடன் பாடிய காதல் பாட்டை பிபிசி ஒலிபரப்ப மறுத்தது, வத்திக்கான் நாளிதழ் கண்டித்தது. ஆனாலும் பிரிட்டனில் அது முதலிடம் பிடித்தது. புகழ் இருந்தது, அவதூறு இருந்தது, ஆல்பம் விற்பனை மட்டும் இல்லை. 1971, 1973, 1975, 1976 என்று வரிசையாக வந்த ஆல்பங்களை இன்று மேதைமை என்று கொண்டாடுகிறார்கள். வந்த காலத்தில் அவை கடையில் தேங்கின.

இனி ரெகேவுக்கு வருவோம். 1976 ஆல்பத்திலேயே ஒரு ரெகே பாட்டு உண்டு. லண்டனில், ஆலன் ஹாக்‌ஷாவின் இசைக்கோப்பில், பிரிட்டிஷ் ஸ்டூடியோ கலைஞர்கள் வாசித்தது. கேட்டால் குறை எங்கே என்று உடனே தெரியும். கிட்டார் சரியான இடத்தில்தான் விழுகிறது. பாஸும் டிரம்ஸும் ராக் இசைக்காரர்கள் கையில் வாசிப்பதுபோல் இருக்கின்றன. ரெகேயை மேலே பூசியிருக்கிறார்கள், அடியில் அது இல்லை.

அடித்தளம் என்று எதைச் சொல்கிறேன் என்று விளக்க வேண்டும். நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ராக் இசையில் 1-ல் கனமான உதை விழும். ரெகேயில் கிட்டாரும் பியானோவும் 2-லும் 4-லும் மட்டும் வெட்டி வெட்டி விழும். ஸ்காங்க் என்று பெயர். நரம்பை அழுத்திய கை உடனே தளர்ந்துவிட வேண்டும், ஒலி நீண்டால் கெட்டது. ‘ஒன் டிராப்’ வகையில் முதல் எண்ணிக்கை காலி. பெரிய டிரம்மும் ஓரத்தட்டும் சேர்ந்து 3-ல் இறங்கும். ‘ஸ்டெப்பர்ஸ்’ வகையில் பெரிய டிரம் நிற்காமல் நடைபோடும். எழுபதுகளின் நடுவில் ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனின் சேனல் ஒன் ஸ்டூடியோவில் டிரம் கலைஞர் ஸ்லை டன்பர் வளர்த்த முறுக்கான நடைக்கு ‘ராக்கர்ஸ்’ என்று பெயர். இதற்கு மேல் ஆர்கன் உள்ளுக்குள் கொதிப்பதுபோல் குமிழியிடும். பாஸ் கிட்டார்தான் மெட்டைச் சொல்லும். நம் மேளக் கச்சேரியில் தவில் ஓய்ந்த இடத்திலும் தாளம் ஓடுவதுபோல, ரெகேயில் ஒலிக்காத இடங்களுக்கும் கனம் உண்டு. ராக் வாசித்துப் பழகிய கைக்கு அந்த வெற்றிடத்தை நிரப்பாமல் இருக்க முடியாது. லண்டன் பதிவின் பழுது அதுதான்.

ஜமைக்காவுக்கே போய்ப் பதிவு செய்யலாம் என்ற யோசனை கேன்ஸ்பூரின் தயாரிப்பாளர் ஃபிலிப் லெரிஷோமுடையது. 1979 ஜனவரியில் இருவரும் கிங்ஸ்டன் போனார்கள். ஸ்டூடியோ, பைரன் லீயின் டைனமிக் சவுண்ட்ஸ். 1972-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு வந்து பதிவு செய்த அதே இடம். டிரம்ஸ் ஸ்லை டன்பர், பாஸ் ராபி ஷேக்ஸ்பியர், கிட்டார் மைக்கி சங்கும் ராட்க்ளிஃப் பிரையனும், ஆர்கன் ஆன்சல் காலின்ஸ், தாளக்கருவிகள் ஸ்டிக்கி தாம்சன். பின்குரலுக்கு ஐ-த்ரீஸ்: ரீட்டா மார்லி, மார்சியா கிரிஃபித்ஸ், ஜூடி மோவாட், அதாவது பாப் மார்லியின் பின்னால் நின்று பாடிய அதே மூவர். இதைவிடச் சிறந்த குழுவை அன்றைக்குக் காசு கொடுத்தாலும் திரட்ட முடியாது. ஸ்லையும் ராபியும் முந்தைய ஆண்டுதான் ஜமைக்கப் பாடகர் பீட்டர் டாஷுடன் ஸ்டோன்ஸ் குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் வாசித்துவிட்டு வந்திருந்தார்கள்.

தொடக்கத்தில் அந்த அறை இறுக்கமாக இருந்ததாக அங்கிருந்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். ஐம்பது வயது வெள்ளைக்காரர், வாயில் சிகரெட், யாரென்றே தெரியவில்லை. பிரெஞ்சுப் பாட்டு ஏதாவது தெரியுமா என்று கேட்டபோது, பெண் முனகும் ஒரே ஒரு பாட்டு தெரியும் என்றார்களாம் ஜமைக்கர்கள். அது என் பாட்டுதான் என்றார் கேன்ஸ்பூர். அதற்குப் பிறகு பேச்சு சகஜமானது.

வேலை நடந்த வரிசை முக்கியம். பாரிஸ் வழக்கப்படி முதலில் பாட்டு, பிறகு இசைக்கோப்பு. கிங்ஸ்டனில் நேர்மாறு: முதலில் ‘ரிடிம்’ என்கிற பாஸ்-டிரம்ஸ் அடித்தளம், அதன்மேல் மற்றவை, கடைசியில்தான் குரல். கேன்ஸ்பூர் இந்த முறைக்கு இசைந்தார். ஜமைக்காவின் ‘டீஜே’ மரபில் யூ-ராய் போன்றவர்கள் தயாரான ரிடிம் மீது பேசிப் பேசியே பாட்டாக்கியவர்கள். கேன்ஸ்பூரின் டாக்-ஓவர் போய்ச் சேர்ந்தது அதன் பக்கத்தில்தான். பாரிஸில் குறையாகப் பார்க்கப்பட்ட குரல் இங்கே ஒரு மரபுக்குள் பொருந்திவிட்டது.

மொழிச் சிக்கலும் இப்படித்தான் தீர்ந்தது. ஆங்கிலத்திலும் ஜமைக்கப் பேச்சிலும் சொல்லுக்குள்ளேயே அழுத்தம் உண்டு. அதை எடுத்து எந்த எண்ணிக்கையில் வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம். பிரெஞ்சில் அசைகள் கிட்டத்தட்டச் சம எடையில் ஓடி, சொற்றொடரின் கடைசி அசையில்தான் அழுத்தம் விழும். அதை ரெகே மெட்டில் நேராகப் பாடினால் 1-ல் போய் உட்காரத் துடிக்கும், தாளம் நொண்டும். பிறகு வந்த பல பிரெஞ்சு ரெகே பாடகர்கள் ஜமைக்க உச்சரிப்பை இரவல் வாங்கியதற்குக் காரணம் இந்த நொண்டல்தான். கேன்ஸ்பூர் மூன்று காரியங்கள் செய்தார். சொல்லைச் சமத்தில், அதாவது சுற்றின் முதல் எண்ணிக்கையில் எடுக்காமல் தள்ளி எடுத்தார். கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு அனாகத எடுப்பு என்றால் புரியும். வரிகளைப் பாடாமல் மைக்குக்கு மிக நெருக்கமாக நின்று பேசினார். மெட்டு தேவைப்பட்ட இடங்களை ஐ-த்ரீஸிடம் விட்டார். மூன்று பெண்களின் குரல் கோயில் கூட்டுப்பாட்டுபோல் எழ, நடுவில் இவர் முணுமுணுப்பார்.

ஆல்பத்தின் 12 பாட்டுகளில் இதற்குச் சிறந்த சான்று முதல் பாட்டு. 1963-ல் அவர் எழுதிய, பிரான்ஸில் எல்லாருக்கும் தெரிந்த வால்ட்ஸ் அது. மூன்று எண்ணிக்கை, நம் கணக்கில் திஸ்ரம். அதைக் கிங்ஸ்டனில் சதுஸ்ரத்துக்கு மாற்றினார்கள். மூன்றில் அமைந்த வரியை நான்கில் வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் எண்ணிக்கை மிஞ்சும். அந்த மிச்சத்தைச் சொல் கொண்டு நிரப்பாமல் பாஸுக்கு விட்டுவிட்டார். லண்டனில் சொதப்பிய அந்த 1976 பாட்டையும் இங்கே மீண்டும் பதிவு செய்து கடைசியில் வைத்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் மேலே சொன்ன விளக்கமே தேவைப்படாது.

ஒரு பழைய கணக்கையும் சொல்லத்தான் வேண்டும். 1964-ல் தாளக்கருவிகளை வைத்து அவர் செய்த ஆல்பத்தில் நைஜீரியக் கலைஞர் பாபதுண்டே ஒலதுஞ்சியின் இசையிலிருந்தும் தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மகேபாவின் இசையிலிருந்தும் எடுத்தவற்றை அவர்கள் பெயர் சொல்லாமல் தன் பெயரில் போட்டுக்கொண்டார். அது திருட்டுதான், மென்மையாகச் சொல்லக் காரணம் இல்லை. 1979-ல் வழி வேறு: மூலக் கலைஞர்களிடமே நேரில் போனார், பக்கத்தில் நின்று வேலை செய்தார்.

அந்த ஆல்பத்தின் இரண்டாவது பாட்டுதான் கலவரத்துக்குக் காரணம். லா மார்செயேஸ், பிரான்ஸின் தேசிய கீதம். புதுச்சேரியில் ஜூலை 14 காலையில் ஒலிக்கக் கேட்டிருப்பீர்கள். கேன்ஸ்பூர் அதன் ஏழு சரணங்களில் மூன்றை எடுத்து, சொல் மாற்றாமல், ரிடிம் மீது பேசினார். மாற்றியது பல்லவியை மட்டுமே. குடிமக்களே ஆயுதமேந்துங்கள், படை திரட்டுங்கள், பகைவர் இரத்தம் வயலை நனைக்கட்டும் என்று போகும் பல்லவி, ‘ஆயுதமேந்துங்கள், இத்யாதி’ என்று சுருங்கியது. அதை ஐ-த்ரீஸ் பாடினார்கள். இந்த ‘இத்யாதி’ தன் கண்டுபிடிப்பல்ல என்றார் அவர். கீதத்தின் வரிகளைச் சரிபார்க்க லரூஸ் கலைக்களஞ்சியத்தைப் புரட்டியபோது, முதல் தடவைக்குப் பிறகு பல்லவியை முழுக்க அச்சிடாமல் ‘எட்செட்ரா’ என்று போட்டிருந்ததாம். அச்சிடுபவர் இடம் மிச்சம் பிடிக்கச் செய்ததை அவர் பாட்டாக்கிவிட்டார்.

இசை ரீதியாக இதில் உறைக்கும் விஷயம் ஒன்று உண்டு. மார்செயேஸ் ஓர் அணிவகுப்புப் பாட்டு. இடது கால் தரையில் விழும் எண்ணிக்கையில்தான் அதன் கனம் முழுவதும். ரெகே அந்தக் கனத்தை எடுத்து 2-லும் 4-லும் வைத்துவிடுகிறது. கேட்பவர் கால் அணிவகுக்க முடியாது, உடம்பு ஆடத்தான் முடியும். பல்லவியின் இரத்த வரிகளை எடுத்ததைவிட இதுதான் முன்னாள் வீரர்களை உள்ளுக்குள் சுட்டது என்று நினைக்கிறேன்.

ஆனால் கீதத்தின் நடையை மாற்றுவதே தெய்வக் குற்றம் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. 1974-ல் பதவிக்கு வந்த ஜனாதிபதி ஜிஸ்கார் தெஸ்தான், பழைய நடைக்குக் கிட்டத்தில் கொண்டுவருகிறேன் என்று அரசு விழாக்களில் கீதத்தின் வேகத்தைக் குறைத்திருந்தார். 1979-ல் பிரான்ஸ் அந்த மெதுவான வடிவத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ஆகவே என்ன செய்தார் என்பதோடு யார் செய்தார் என்பதும் பிரச்சினைதான். இதை மறைக்காமல் வெளியே சொன்னவர் மிஷெல் த்ருவா. முந்தைய ஜனாதிபதி டி கோலைத் தொலைக்காட்சியில் பேட்டி கண்ட பத்திரிகையாளர், எழுத்தாளர். 1979 ஜூன் 1 தேதியிட்ட லெ ஃபிகாரோ மாகஸீன் இதழில் கேன்ஸ்பூரின் தோற்றத்தை அருவருப்போடு வருணித்து எழுதினார். இப்படிக் கீதத்தை வைத்துப் பணம் பண்ணுவதால் இவர் யூத வெறுப்பைக் கிளப்பிவிடுகிறார், சக யூதர்களுக்குக் கெடுதல் செய்கிறார் என்பது அவர் வாதம். அதாவது, யூதன் ஒருவன் அத்துமீறினால் மற்ற யூதர்கள் அடிபடுவது இயல்பு என்ற எண்ணம் அந்த வாதத்துக்குள் ஒளிந்திருக்கிறது. கிறித்தவப் பிரெஞ்சுக்காரர் யாரேனும் இதே பாட்டைப் போட்டிருந்தால் அவருடைய சமயத்தாரைப் பற்றி யார் பேசியிருப்பார்கள்? கேன்ஸ்பூர் அதே மாதம் லெ மத்தான் திமான்ஷ் இதழில் பதில் எழுதினார். சிறுவயதில் தான் அணிய நேர்ந்த மஞ்சள் நட்சத்திரத்தை அந்தப் பதிலில் நினைவூட்டினார். த்ருவா மறு ஆண்டு பிரெஞ்சு அகாதெமிக்குத் தேர்வானார். விற்பனையோ ஏறிக்கொண்டே போனது. கேன்ஸ்பூரின் ஆல்பம் எதுவும் அதுவரை அந்த அளவுக்கு விற்றதில்லை.

1979 டிசம்பரில் ஸ்லை, ராபி குழுவினரை வரவழைத்து பாரிஸின் லெ பாலாஸ் அரங்கில் கச்சேரி நடத்தினார். மேடையேறிப் பாடிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அது நன்றாகப் போகவே குழு ஊர் ஊராகக் கிளம்பியது. 1980 ஜனவரி 4, ஸ்ட்ராஸ்பூர்.

இந்த ஊரைப் பற்றி ஒரு சொல். மார்செயேஸ் பிறந்ததே இங்கேதான். 1792 ஏப்ரல் 25 இரவு, ஆஸ்திரியா மீது போர் அறிவித்த செய்தி வந்த கையோடு, மேயர் தித்ரிஷ் கேட்டுக்கொண்டதால் ரூஜே த லீல் என்ற பொறியியல் படைக் கேப்டன் விடிவதற்குள் எழுதி முடித்த பாட்டு. ரைன் படைக்கான போர்ப்பாட்டு என்பதுதான் முதல் பெயர். மார்செய் நகரத் தொண்டர்கள் பாடிக்கொண்டே பாரிஸுக்குள் நுழைந்ததால் பெயர் மாறியது. 1795-ல் தேசிய கீதம், பிறகு மன்னராட்சிகளில் ஒதுக்கம், 1879-ல் மறுபடி தேசிய கீதம். கேன்ஸ்பூரின் தட்டு வந்தது சரியாக அதன் நூறாவது ஆண்டில்.

ஸ்ட்ராஸ்பூரில் முன்னாள் பாராசூட் வீரர்களின் சங்கம் கச்சேரியைத் தடை செய்யச் சொன்னது. நடந்தால் தாங்களே தடுப்போம் என்றும் எச்சரித்தது. அன்று மாலை சுமார் அறுபது பேர் சிவப்புத் தொப்பியோடு வந்து முன்வரிசைகளைப் பிடித்துக்கொண்டார்கள். ஜமைக்கக் கலைஞர்கள் தங்கியிருந்த ஹோட்டலில் வெடிகுண்டு மிரட்டல். அவர்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சண்டைக்காக உயிரைப் பணயம் வைக்க அவர்கள் தயாராக இல்லை. அதில் தவறும் இல்லை. அரங்கம் நிரம்பிக் காத்திருக்கிறது, இசைக்குழு வரப்போவதில்லை.

கேன்ஸ்பூர் தனியாக மேடைக்கு வந்தார். தான் ஓர் அடங்காதவன் என்றும், மார்செயேஸுக்கு அதன் ஆதி அர்த்தத்தைத் திருப்பிக் கொடுத்தவன் என்றும் மைக்கில் சொன்னார். பிறகு முஷ்டியை உயர்த்தி முதல் சரணத்தையும் பல்லவியையும் பாடினார். இத்யாதி இல்லை, ரெகே இல்லை, பின்குரல் இல்லை, பக்கவாத்தியம் இல்லை. கீதம் ஒலித்தால் என்ன செய்யவேண்டும் என்று பழக்கப்பட்ட உடம்பு அந்த முன்னாள் வீரர்களுக்கு. கலாட்டா செய்ய வந்தவர்கள் எழுந்து விறைத்து நின்றார்கள், சல்யூட் அடித்தார்கள், கூடவே பாடினார்கள். முடிந்ததும் அவர் கையை மடக்கி ஓர் ஆபாசச் சைகையைக் காட்டிவிட்டு உள்ளே போனார். அன்று கச்சேரி நடக்கவில்லை.

அந்தக் காட்சி ஒளிப்பதிவாக இருக்கிறது. தேடிப் பாருங்கள். சுருதி ஏறி இறங்குகிறது, குரல் உடைகிறது, முகம் வெளிறியிருக்கிறது. இருபது வருடமாகப் பாடுவதைத் தவிர்க்க வழி தேடிய மனிதர், பேச்சாக்கியும் பிறர் குரலுக்குப் பின்னால் மறைந்தும் தப்பித்தவர், ஒளிந்துகொள்ள எதுவுமில்லாத மேடையில் முழுப் பாட்டாகப் பாடிய இரவு அது.

இந்தச் சம்பவத்தில் அடிக்கடி தவறாகச் சொல்லப்படுபவை சில உண்டு. வந்தவர்கள் பணியிலிருந்த இராணுவத்தினர் அல்லர், முன்னாள் வீரர்கள். தட்டை அரசோ நீதிமன்றமோ தடை செய்யவில்லை. தேசிய கீதத்தை அவமதிப்பது தனிக் குற்றம் என்ற சட்டமே அன்று பிரான்ஸில் இல்லை. அது 2003 மார்ச்சில்தான் வந்தது: அரசு நடத்தும் அல்லது முறைப்படுத்தும் பொது நிகழ்வில் கீதத்தையோ கொடியையோ அவமதித்தால் 7,500 யூரோ அபராதம், கூட்டாகச் செய்தால் ஆறு மாதச் சிறையும் சேரும். அந்தச் சட்டத்தைப் பரிசீலித்த அரசியலமைப்பு மன்றம், கலைப் படைப்புகளுக்கு அது பொருந்தாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே இன்று இதே பாட்டு புதிதாக வந்தாலும் அது குற்றமாகாது.

கையெழுத்துப் பிரதிக் கதையும் பாதிதான் பரவியிருக்கிறது. 1981 டிசம்பரில் வெர்சாயில் நடந்த ஏலத்தில், ரூஜே த லீல் 1833-ல் தன் கைப்பட எழுதிய மார்செயேஸ் பிரதியை கேன்ஸ்பூர் 135,000 ஃபிராங்குக்கு வாங்கினார். அதில் பல்லவி திரும்ப வரும் இடத்தில் எழுதியவரே சுருக்கி ‘இத்யாதி’ குறி போட்டிருந்தார். கேன்ஸ்பூர் அதைக் காட்டிக்காட்டி மகிழ்ந்தார். பல்லவியைச் சுருக்கி எழுதுவது பாட்டெழுதுகிற எவருக்கும் உள்ள வழக்கம்தான். அப்படியே பாடவேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. ஆனால் வெற்றுச் சொல்லை வலிந்து நுழைத்துக் கேலி செய்தார் என்ற குற்றச்சாட்டு அதோடு அடிபட்டுப் போனது.

இரண்டாவது ரெகே ஆல்பத்தை 1981-ல் பஹாமாஸின் நசாவ் நகரில், காம்பஸ் பாயின்ட் ஸ்டூடியோவில், மறுபடி ஸ்லை, ராபியோடு பதிவு செய்தார். தலைப்பு பால் கிளேயின் ஓவியத்திலிருந்து எடுத்தது. வாசிப்பு முதல் ஆல்பத்தைவிடச் சுத்தம், ஒலி மெருகு கூடியது, சொல் இருண்டது. விற்பனை குறைவு. இடையில் 1980 செப்டம்பரில் ஜேன் பிர்கின் பிள்ளைகளோடு வீட்டை விட்டுப் போயிருந்தார். குடி தாங்கமுடியாத அளவுக்குப் போனதுதான் காரணம். அந்த ஆல்பத்தில்தான் ‘கேன்ஸ்பார்’ என்ற இரண்டாவது ஆளை அவர் அறிமுகப்படுத்துகிறார். சவரம் செய்யாத முகம், போதை, வாய்க்கொழுப்பு எல்லாம் அந்த ஆளின் கணக்கில். முதலில் முகமூடியாக இருந்தது, பிறகு கழற்ற வரவில்லை.

அதன் பின் ரெகே இல்லை. 1984 மார்ச்சில் நேரலைத் தொலைக்காட்சியில் 500 ஃபிராங்கு நோட்டின் பெரும்பகுதியை எரித்து, வரி போனால் தனக்கு மிஞ்சுவது இவ்வளவுதான் என்று காட்டினார். அதே ஆண்டு அமெரிக்காவில் செய்த ஆல்பத்தில் பதின்மத் தொடக்கத்தில் இருந்த மகள் ஷார்லோத்தோடு தகாத உறவைப் பொருளாகத் தொடும் ஒரு பாட்டு. 1986-ல் தொலைக்காட்சியில் விட்னி ஹூஸ்டனிடம் ஆபாசப் பேச்சு. மார்செயேஸ் பாட்டை நியாயப்படுத்துவதுபோல் இவற்றை நியாயப்படுத்த முடியாது. முன்னதில் எதிரே நின்றது அதிகாரம். இவற்றில் எதிரே இருந்தது ஒரு சிறுமியும், எதிர்பாராமல் மாட்டிக்கொண்ட ஓர் இளம் பாடகியும். 1989-ல் ஈரல் அறுவை சிகிச்சை. 1991 மார்ச் 2 அன்று, பாரிஸ் வெர்னய் தெரு வீட்டில் மாரடைப்பால் இறந்தார், வயது 62. மோன்பர்னாஸ் கல்லறையில் அடக்கம். அந்த வீட்டை 2023 செப்டம்பர் முதல் பொதுமக்கள் பார்க்கலாம். நேரடியாகப் போனால் இடம் கிடைப்பது கடினம், முன்பதிவு செய்துகொள்வது நல்லது.

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வரிசை. முதலில் 1976-ன் லண்டன் ரெகே பாட்டு, உடனே அதன் 1979 கிங்ஸ்டன் வடிவம். செல்பேசி ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். ராபி ஷேக்ஸ்பியரின் பாஸ் அதில் காணாமல் போகும், ஆல்பத்தில் பாதி போய்விடும். ஹெட்ஃபோன் போட்டு, முதல் தடவை குரலை விட்டுவிட்டு பாஸை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாவது தடவை கேன்ஸ்பூர் எந்த எண்ணிக்கையில் வாய் திறக்கிறார் என்று கையால் தாளம் போட்டுப் பாருங்கள். அடுத்து 1963-ன் வால்ட்ஸ், அதன் ரெகே வடிவம். பிறகு பாலாஸ் மேடைப் பதிவு. அதில் வேகம் கூடி, ஸ்லையின் டிரம்ஸ் முன்னால் வந்து நிற்கும். கடைசியாக, மூல ஒலிநாடாக்களிலிருந்து கிங்ஸ்டனிலேயே மறுகலவை செய்து 2003-ல் வெளியான டப் வடிவம். டப் என்றால் குரலையும் கருவிகளையும் மாற்றி மாற்றி வெட்டி, எதிரொலி சேர்த்து, ரிடிமை வெளியே கொண்டுவரும் ஜமைக்கக் கலை. அதில் மார்செயேஸ் வரும்போது கேன்ஸ்பூரின் குரல் விட்டு விட்டு மறைந்துபோகும். ஆனாலும் பாட்டு நிற்காது, பாஸ் அதைச் சுமந்துகொண்டே போகும்.